நிறுத்தம் இல்லாத இடம்

செத்துப்போன புருஷனோடு நடுரோட்டில் சண்டை போடுகிற பொம்பளையை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். பட்டாசக்கா போடுவாள். ரோட்டைக் கடக்க ஓரமாக நிற்பாள். பஸ் ஒன்று வரும். டிரைவர் சீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள், ஸ்டியரிங் மட்டும் தானாகத் திரும்பிக்கொண்டிருக்கும். அந்தப் பஸ் அவளைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, முன்விளக்கை இரண்டு தடவை சிமிட்டி, போயிட்டு வா என்கிற தோரணையில் நிற்கும். "ஆமா, இப்ப வழி விடுங்க. இருந்த காலத்துல ஒரு நாளாவது எனக்கு வழி விட்டீங்களா?" என்று இவள் கத்துவாள். பக்கத்தில் நிற்பவர்கள் நைசாக நாலடி தள்ளிப் போய்விடுவார்கள்.

பைத்தியம் ஒன்றும் இல்லை. விஷயம் இதுதான். பஸ்ஸுக்கு டிரைவரே வேண்டாம் என்று கம்பெனி முடிவு பண்ணினபோது, மெஷினுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுக்க யாராவது வேண்டியிருந்தது. நல்ல டிரைவர்களாகப் பொறுக்கியெடுத்து, அவர்கள் சீட்டைச் சுற்றிக் கேமராவைப் பொருத்தி, 'நீங்க எப்பவும் ஓட்டறபடி ஓட்டுங்க' என்று விட்டுவிட்டார்கள். எங்கே கால் பிரேக்குக்குப் போகிறது, எங்கே கை ஹாரனுக்குப் போகிறது என்று அத்தனையையும் மெஷின் பார்த்துக்கொண்டே இருந்தது. அதில் பட்டாசக்காவின் வீட்டுக்காரர் ஓட்டினதுதான் அதிகம். சர்வீஸில் ஒரு கீறல்கூடப் போடாத மனுஷன். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து ஊரில் இருக்கிற அத்தனை பஸ்ஸுக்குள்ளும் ஊற்றிவிட்டார்கள்.

அதனால் இப்போது அத்தனை பஸ்ஸும் அவர் மாதிரியே போகிறது. ரோட்டில் தண்ணீர் தேங்கி நின்றால், நடந்து போகிறவன் மேல் தெறிக்காமல் ஊர்ந்து போகும். நாய் குறுக்கே படுத்திருந்தால் அது எழுந்திருக்கிறவரைக்கும் பொறுமையாக நிற்கும். "மெஷினுக்கு இருக்கற மனசு மனுஷனுக்கு இல்லப்பா" என்று பஸ்ஸில் யாராவது சொன்னால் போதும், பட்டாசக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "மெஷினு மனசா? அது என் வீட்டுக்காரர் காலு" என்பாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். கண் கலங்கினதை யாருக்கும் காட்டமாட்டாள்.

சொல்லிக்கொடுத்து முடித்ததும் அவரை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி ஒரு ரூமில் உட்கார வைத்தார்கள். கட்டுப்பாட்டு அறை என்று பெயர். ஜன்னல் கிடையாது, ஏ.சி. மட்டும் உண்டு. ஒவ்வொருத்தருக்கும் முன்னால் ஒரு பெரிய திரை. பஸ்ஸுக்குக் குழப்பம் வந்தாலோ, நிறுத்தம் இல்லாத இடத்தில் நின்றாலோ, திரையில் அந்தப் பஸ் மஞ்சளாகும். ரோட்டைப் பார்த்துவிட்டு மூன்று பட்டனில் ஒன்றை அமுக்க வேண்டும். 'போ', 'நில்', 'தவறு'. வாழ்நாள் பூரா வண்டி ஓட்டினவர் வண்டி ஓடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருநாள் மத்தியானம் மேஜையில் தலையைச் சாய்த்தார். பக்கத்து சீட்டுக்காரி, அசதியில் கண் அசந்துவிட்டார் என்று நினைத்து, அவருடைய பஸ்களையும் சேர்த்துத் தானே பார்த்துக்கொண்டாள். டீ வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

அது நடந்து வருஷம் ஒன்று ஆகப்போகிறது. அந்த நாற்காலியை அவர் மனைவிக்கே தருகிறோம் என்று கம்பெனி அன்றைக்கே சொல்லிவிட்டது. சொன்னதைச் செய்யத்தான் இத்தனை நாள் இழுத்தடித்தது. பட்டாசக்கா நடையாய் நடந்து, கத்துகிற இடத்தில் கத்தி, அழுகிற இடத்தில் அழுது, ஒருவழியாக வந்து உட்கார்ந்தாள். பட்டாசு என்று பெயர் வைத்தது அந்த ரூம்தான். முதல் நாளே சூப்பர்வைசர் ஏதோ சொல்லப்போய், இவள் படபடவென்று வெடித்ததில் வந்த பெயர். ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள்.

அப்படிப் பார்த்ததில் சிக்கினதுதான் ஏழாம் நம்பர் பஸ்.

டயர் கடையைத் தாண்டி ஒரு திருப்பம். அதற்கப்புறம் ஒரு மின்கம்பம். தினமும் காலையில் அந்தக் கம்பத்துக்கிட்டே ஏழாம் நம்பர் நின்றுவிடும். அங்கே நிறுத்தமே கிடையாது. கதவைத் திறக்கும், கொஞ்ச நேரம் காத்திருக்கும், கதவை மூடும், கிளம்பிவிடும். திரையில் மஞ்சள். முன்கேமராவில் வெறும் ரோடுதான் தெரிந்தது. எதற்கு நிற்கிறது என்று விளங்கவில்லை. பட்டாசக்கா 'தவறு' பட்டனை அமுக்கினாள். மறுநாளும் நின்றது, மறுநாளும் அமுக்கினாள். அதற்கடுத்த நாள் கோபத்தில் ஓங்கியே அமுக்கினாள்.

'தவறு' என்று ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் அது மேலே போகும். மேலே இருப்பவர்கள், 'மெஷின் எங்கேயோ தப்பாகக் கற்றுக்கொண்டிருக்கிறது' என்று அந்தப் பழக்கத்தையே வேரோடு பிடுங்கிவிடுவார்கள். திங்கட்கிழமை தோறும் பஸ்களுக்குள் திருத்தின ஓட்டம் புதுசாக இறங்கும். "இத்தனை நாளா எல்லாரும் 'போ'ன்னு அமுக்கிட்டு சும்மா இருந்திருக்காங்க. நீங்கதான் கவனிச்சிருக்கீங்க" என்று சூப்பர்வைசர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பாராட்டினார். பட்டாசக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

குளிர்ந்த உச்சி அன்றைக்கே சாயங்காலம் சூடாகிவிட்டது. வீட்டில் ஒற்றை ஆளாய் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. மெஷின் தானாக எதையும் கற்றுக்கொள்ளாது. யாரோ அங்கே தினமும் நிறுத்தியிருக்கிறார்கள். ஏழாம் நம்பர் யாருடைய ரூட்? அவர் ரூட். அப்படியானால் இந்த மனுஷன் தினமும் காலையில் யார் வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டுக் காத்துக்கிடந்தார்?

கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. "அடப்பாவி மனுஷா" என்றாள் சுவரைப் பார்த்து. "பூனை மாதிரி இருந்துட்டு என்ன வேலை பாத்திருக்கீங்க?"

வெள்ளிக்கிழமை காலை ஏழாம் நம்பர் டயர் கடையைத் தாண்டும் முன்பே பட்டாசக்கா கதவுப்பக்கக் கேமராவைத் திறந்து வைத்துவிட்டாள். ஹெட்போனையும் மாட்டிக்கொண்டாள். புகார் வந்தால்தான் அதையெல்லாம் திறக்க வேண்டும் என்று விதி. விதியாவது ஒண்ணாவது. எவ அவ என்று பார்த்துவிடுவது என்கிற வெறியில் திரைக்குள் மூக்கை நுழைக்காத குறையாக உட்கார்ந்திருந்தாள்.

பஸ் நின்றது. கதவு திறந்தது. மின்கம்பத்துக்குப் பின்னால் ஒரு இரும்பு கேட். கேட்டைத் திறந்துகொண்டு ஒருத்தி வந்தாள். இடுப்பில் குழந்தை, தோளில் பை. படியில் ஏறி நிமிர்ந்தாள்.

பட்டாசக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் பெற்ற மகள்.

மகள் நேராக வந்து, காலி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற இடத்தில் உட்கார்ந்தாள். சீட்டுக்கு மேலே இருக்கிற கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள்.

"வந்துட்டேம்பா" என்றாள். "என்ன, இன்னிக்கு ரெண்டு நிமிஷம் லேட்டு? ரூம்ல உக்காந்து தூங்கறியா?" குழந்தையைத் தூக்கிக் கேமராவுக்கு நேரே காட்டினாள். "பாரு, தாத்தா பாரு. தாத்தாவுக்கு டாட்டா காட்டு. தாத்தா ஒரு ரூம்ல உக்காந்து நம்மளையே பாத்துட்டிருக்கார். பஸ் நம்ம வாசல்ல நின்னுச்சுன்னா தாத்தா கூப்பிடறார்னு அர்த்தம்."

பட்டாசக்கா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இவளுக்குத் தெரியாது. அப்பா போய்ச் சேர்ந்தது இவளுக்குத் தெரியவே தெரியாது.

எப்படித் தெரியும்? தெரியக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றவளே பட்டாசக்காதானே.

பட்டாசக்காவின் தம்பி மகளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை. ஊரெல்லாம் சொல்லியாயிற்று. அவனும் இவள் மகளும் எப்படியோ மனசு ஒத்துப்போய், ஒருநாள் காதும் காதும் வைத்த மாதிரி பதிவுக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்து நின்றார்கள். "என் பொண்ணு வாழ்க்கையில உன் பொண்ணு மண்ணை அள்ளிப் போட்டுட்டாளே அக்கா" என்று தம்பி கேட்டபோது பட்டாசக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அன்றைக்கே மகளைத் தலைமுழுகினாள். இத்தனைக்கும் தம்பி மகளுக்கு அடுத்த வருஷமே வேறு இடத்தில் கல்யாணம் ஆகி, ரெட்டைப் பிள்ளை பிறந்து, அவள் சௌக்கியமாக இருக்கிறாள். தம்பியே மறந்துவிட்டான். பட்டாசக்கா மட்டும் விடவில்லை. "அந்தப் பேச்சை எடுத்தா நான் இந்த வீட்ல இருக்கமாட்டேன்" என்று புருஷனிடமும் சொல்லிவைத்திருந்தாள். அவர் செத்தபோது சொந்தக்காரர்கள் வாய்க்கெல்லாம் பூட்டுப் போட்டாள். "அவளுக்கு யாராவது சொன்னீங்க, என் மூஞ்சியிலயே முழிக்காதீங்க." அவ்வளவு கோபம். யாரும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்ததும் அவர் போனையும் அணைத்துப் பீரோவில் போட்டுவிட்டாள்.

திரையில் மகள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். குழந்தைக்குப் பல் முளைக்கிறதாம். புருஷனுக்கு வேலை மாறப்போகிறதாம். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தைக்கு ஏதோ சட்டை கொடுத்தாளாம். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ வந்து இவளைப் பாக்கலன்னு எனக்கு வருத்தம் எல்லாம் இல்லப்பா. அம்மாவை மீறி நீ வரமாட்டே, எனக்குத் தெரியும். உன் போன் அணைஞ்சே கிடக்குதுன்னா அதுவும் அம்மா வேலைதான். நீ சீட்டை விட்டு எறங்கற அன்னிக்கு என்ன சொன்னே? பஸ் உன் வாசல்ல நிக்கறவரைக்கும் நான் உன்கூட இருக்கேன்னு சொன்னே. நிக்குதில்ல. அது போதும்" என்றாள்.

பட்டாசக்கா ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். வருஷம் பூராவும் ஒரு பெண் செத்தவனிடம் குடும்பக் கதை சொல்லிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். செத்தவனும் தவறாமல் வந்து நின்றிருக்கிறான். அப்புறம்தான் இன்னொன்று மண்டையில் இடித்தது. திங்கட்கிழமை இது நிற்காது. இவளே அமுக்கி அமுக்கி அழித்துவிட்டாள். பஸ் வாசலைத் தாண்டிப் போய்விடும். அப்பாவும் கைகழுவிவிட்டார் என்றுதான் அந்தப் பெண் நினைக்கும்.

விழுந்தடித்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் ஓடினாள்.

"அந்த ஏழாம் நம்பர் விஷயம். நான் தெரியாம அமுக்கிட்டேன். அதை விட்ருங்க."

"அக்கா, அது மேல போயாச்சு."

"போனா என்ன? வாபஸ் வாங்குங்க. அங்க ஒரு பொண்ணு ஏறுது. கைக்குழந்தைக்காரி."

"நிறுத்தம் இல்லாத இடத்துல ஏத்தக்கூடாதுக்கா. அடுத்த ஸ்டாப் வரைக்கும் நடக்கட்டும், ஒண்ணும் ஆகாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் அசையமாட்டார். "இன்னொண்ணு. அந்த ஒரு இடத்தை மட்டும் எடுக்கப்போறதில்ல. உங்க வீட்டுக்காரர் ஓட்டினதெல்லாம் பழசு. புதுசு அதைவிட வேகம். திங்கள்ல இருந்து எல்லா பஸ்ஸும் புதுசுதான். எப்படியும் செய்ய இருந்தாங்க. உங்க 'தவறு' வந்ததும் சீக்கிரமா செய்யறாங்க, அவ்வளவுதான்."

"பழசா?" என்றாள் பட்டாசக்கா. வெடிப்பாள் என்று ரூமே திரும்பிப் பார்த்தது. அவள் புஸ்ஸென்று போய், தன் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளே போய் ஏழாம் நம்பரில் ஏறினாள். நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று கிளம்பினாள். காலி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஸ்டியரிங் தானாக ஆடி ஆடித் திரும்பியது. திருப்பத்தில் மெல்லப் போனது. ஒரு குழியை நோகாமல் இறக்கி ஏற்றியது. கண்ணை மூடினால் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தார், கழுத்தில் துண்டு, முதுகில் வியர்வை. கண்ணைத் திறந்தால் சீட்டு காலி. மூடி மூடித் திறந்தாள்.

"நாளையிலேருந்து நீங்க வேண்டாமாம்" என்றாள் சீட்டைப் பார்த்து, அக்கம்பக்கத்தில் கேட்காமல். "பழசாம். நான்தான் அமுக்கித் தொலைச்சேன். எனக்குத் தெரியாதுங்க. ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? சொன்னா என்ன, கொன்னா போட்டிருப்பேன்?" சொல்லும்போதே, சொல்லியிருந்தால் வீட்டை இரண்டு பண்ணியிருப்போம் என்று அவளுக்கே தெரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

டயர் கடை தாண்டியது. பஸ் நின்றது, கதவு திறந்தது. ஞாயிறு என்று அதற்குத் தெரியவில்லை, வழக்கம்போல நின்றுவிட்டது. இரும்பு கேட் மூடிக் கிடந்தது. உள்ளே கொடியில் சின்னச் சின்னச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. பட்டாசக்கா எழுந்தாள், கம்பியைப் பிடித்தாள், ஒரு காலைப் படியில் வைத்தாள். என்னவென்று சொல்வது? உன் அப்பா செத்து வருஷம் ஆகப்போகுது, உனக்குத் தெரியக்கூடாதுன்னு நான்தான் சொன்னேன் என்றா? கால் இறங்கமாட்டேன் என்றது.

"அம்மா, எறங்கறதா இல்லையா? வழியை மறிச்சுக்கிட்டு" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

அதற்குள் கதவே மூடிக்கொண்டது. அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கடைசி நிறுத்தம் வரைக்கும் போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள். வருகிற வழியிலும் இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை. ஏழாம் நம்பர் டயர் கடையைத் தாண்டியபோதே வித்தியாசம் தெரிந்துவிட்டது. திருப்பத்தில் மெல்லப் போகவில்லை. விறுவிறுவென்று வந்தது. கேட்டுக்கு வெளியே மகள் தயாராக நின்றாள், இடுப்பில் குழந்தை. பஸ் வேகம் குறைக்காமல் வருவதைப் பார்த்து முதலில் அவளுக்குப் புரியவில்லை. கையை நீட்டினாள். "அப்பா" என்று வாய் அசைந்தது. பஸ் அவளைத் தாண்டிவிட்டது.

பட்டாசக்கா 'நில்' பட்டனைக் குத்தினாள்.

விபத்துக்கு மட்டும் உண்டான பட்டன் அது. பஸ் கிறீச்சென்று கத்திக்கொண்டு நின்றது. உள்ளே நின்றிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள், ஆளாளுக்கு வசவு. பட்டாசக்கா கதவைத் திறந்துவிட்டாள். மகள் குழந்தையை இறுக்கிக்கொண்டு ஓடி வந்து ஏறினாள். மூச்சு வாங்கியது.

"என்னப்பா ஆச்சு? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேமராவைப் பார்த்துக் கேட்டாள். "எனக்கு ஈரக்கொலையே நடுங்கிடுச்சு. விட்டுட்டுப் போறியோன்னு நெனச்சேன்."

பட்டாசக்காவுக்கு முன்னால் ஒலிபெருக்கிப் பட்டன் இருந்தது. அமுக்காமலே இருந்திருக்கலாம். நாளைக்கும் இப்படி நிறுத்தி, நாளன்றைக்கும் நிறுத்தி, அவராகவே இருந்துவிட்டுப் போயிருக்கலாம். அது அவள் மனசில் ஓடாமல் இல்லை. ஆனால் விரல் போய்விட்டது.

"பாப்பா" என்றாள்.

பஸ் பூரா அந்தக் குரல் கேட்டது. மகள் முகம் மாறியது. "அம்மாவா? அப்பா சீட்ல நீ என்ன பண்றே? அப்பா எங்க?"

"அப்பா இல்லடி."

"லீவா?"

"இல்லடி. அப்பா போயிட்டார். போன வருஷமே போயிட்டார்."

வைதுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். மகள் காலி சீட்டைப் பார்த்தாள். ஸ்டியரிங்கைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். "இவ பொறக்கறதுக்கு முன்னாடியா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நான் இவளைத் தூக்கிட்டு வந்து காட்டினேனே. தினம் காட்டினேனேம்மா. யாருக்குக் காட்டினேன்?"

பட்டாசக்காவின் விரல் ஒலிபெருக்கிப் பட்டனிலேயே கிடந்தது.

"ஏம்மா சொல்லல?"

"கோவம்டி" என்றாள். வேறு எந்தக் காரணத்தையும் தேடிப் பார்க்கவில்லை. இருந்தது அது ஒன்றுதான். "வெறும் கோவம். அவ்வளவுதான்."

மகள் கத்துவாள் என்று காத்திருந்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் இறங்கினாள். ரோட்டில் நின்று திரும்பி, "இனிமே இங்க நிறுத்தாதே" என்றாள். கேட் மூடுகிற சத்தம் ஹெட்போனில் கேட்டது.

நிறுத்தாதே என்றால் விட்டுவிடுகிற ஆளா பட்டாசக்கா? மறுநாளும் 'நில்' அமுக்கினாள். இந்தத் தடவை முன்கூட்டியே, மெதுவாக, கேட்டுக்கு நேரே கதவு வருகிற மாதிரி. யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் நிறுத்தினாள். மாடி ஜன்னலில் திரைச்சீலை அசைந்தது, அவ்வளவுதான். கொடியில் துணி மாறிக்கொண்டே இருந்தது. பயணிகள் புகார் எழுதினார்கள். அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்துவிட்டு 'போ' என்பாள். மகள் வேறு ஏதோ பஸ்ஸில் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறாள் போலிருக்கிறது.

சூப்பர்வைசர் கூப்பிட்டனுப்பினார். கண்ணாடியைத் துடைக்கவில்லை இந்தத் தடவை.

"அக்கா, உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனா மேல இருந்து கேக்கறாங்க. இன்னொரு தடவை 'நில்' அமுக்கினீங்கன்னா அந்த நாற்காலியை நான் காப்பாத்த முடியாது."

"பஸ் இதைக் கத்துக்காதா? அவர் நிறுத்தினதைக் கத்துக்கிட்ட மாதிரி, நான் நிறுத்தறதையும்?"

"கத்துக்கும். மாசக்கணக்குல அமுக்கணும். நாலு நாள்ல எதுவும் கத்துக்காது."

"அவர் ஓட்டினது?"

"ஒண்ணுகூட மிச்சம் இல்ல. நானே பாத்தேன்."

அந்த நாற்காலி போனால் திரை போகும். திரை போனால் கொடியில் காய்கிற சட்டைகூடக் கண்ணில் படாது. பட்டாசக்கா மறுநாள் காலை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் பின்னாலேயே நின்றார். டயர் கடை வந்தது. திருப்பம் வந்தது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பஸ் வேகம் குறைத்தது.

அவள் கையைப் பார்த்தாள். இருந்த இடத்தில்தான் இருந்தது. பஸ் ஊர்ந்து போய், நோகாமல் நின்றது. கதவு திறந்தது. திரை மஞ்சளானது.

"அக்கா" என்றார் சூப்பர்வைசர். குரலில் ஈரமே இல்லை. "நீங்களா?"

"கையைப் பாருங்க" என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். வேறு யாரும் அமுக்கினார்களா என்று ரூமைச் சுற்றிப் பார்த்தார். பக்கத்து சீட்டுக்காரி இல்லை என்று தலையாட்டினாள். சூப்பர்வைசர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பஸ் நின்றுகொண்டே இருந்தது. ரொம்ப நேரம். அப்புறம் இரும்பு கேட் திறந்தது. மகள் வந்தாள். கண் வீங்கியிருந்தது. படியில் ஏறாமல் ரோட்டிலேயே நின்றுகொண்டு, கேமராவைப் பார்த்து, "நிறுத்தாதேன்னு சொன்னேன்ல உங்கிட்ட?" என்றாள்.

பட்டாசக்கா ஒலிபெருக்கியை அமுக்கினாள். "நான் நிறுத்தலடி."

"பொய் சொல்லாதே."

"புள்ள மேல சத்தியமா. நான் கையே வெக்கல."

மகள் காலி சீட்டைப் பார்த்தாள். குழந்தை அந்த சீட்டைப் பார்த்துக் கையை ஆட்டியது.

"பின்ன யாரும்மா?" என்று கேட்டாள் மகள். குரல் சின்னப் பெண்ணினுடையதாகிவிட்டது.

"எனக்குத் தெரியலடி" என்றாள் பட்டாசக்கா. அழுகையில் வார்த்தை உடைந்தது. "நீ ஏறு. புள்ளைய கெட்டியா புடிச்சுக்கிட்டு ஏறு. காத்துக்கிட்டிருக்கில்ல."